'கோல் 3' வீரர்கள் ஏன் மினுக்கினார்கள்? உள்ளங்கைக்குள் மைதானம் சுருங்கிய கதை

கடலூர், சிதம்பரம் பக்கம் 90களில் வளர்ந்தவர்களிடம் 'கோல் 3' என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கேசட்டை ஊதி ஊதிச் செருகியது, "அடுத்த மேட்ச் எனக்கு" என்று ஜாய்ஸ்டிக்குக்குச் சண்டை போட்டது, கோடை விடுமுறையில் "டிவி சூடாயிடுச்சு, அணைடா" என்று அம்மா திட்டியது எல்லாம் வரிசையாக வரும்.

அதே ஆள் இன்று கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, மொபைலில் கால்பந்து கேம் ஆடுகிறார். டிவி அளவு மைதானம் எப்படி உள்ளங்கைக்குள் வந்தது? வரும் வழியில் எதையெல்லாம் கழற்றி வைத்தார்கள்? இதற்கான பதிலில் கொஞ்சம் தொழில்நுட்பம், கொஞ்சம் திருட்டு, நம்ம கடலூர் மைதானம் மூன்றும் இருக்கின்றன.

முதலில், 'கோல் 3' என்பது என்ன?

உண்மையில் அப்படி ஒரு கேமே இல்லை! அதன் அசல் பெயர் 'குனியோ குன் நோ நெக்கெட்சு சாக்கர் லீக்'. டெக்னோஸ் ஜப்பான் என்ற நிறுவனம், நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்காக 1993இல் வெளியிட்டது. ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக அப்போது விற்கவே இல்லை.

வேறொரு நிறுவனத்தின் 'கோல்', 'கோல் 2' என்ற கேம்கள் ஏற்கெனவே இருந்தன. கள்ளப் பிரதி போட்டவர்கள், விற்பனைக்கு வசதியாக இதற்கு 'கோல் 3' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த மலிவு விலை கன்சோல்கள் வழியாக அது இந்தியாவுக்குள் வந்தது. அண்ணன் பெயரை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மாதிரி!

'ஆர்கேட் பாணி' என்றால்?

கால்பந்து கேம்களில் இரண்டு வகை உண்டு. நிஜ ஆட்டத்தை அப்படியே கொண்டுவர முயல்வது ஒன்று: 11 பேர், ஆஃப்சைடு, ஃபவுல், வீரர் களைத்துப்போவது வரை கணக்கு இருக்கும். இன்னொன்று ஆர்கேட் பாணி. காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் காலத்திலிருந்து வந்தது. விதிகள் குறைவு, வேகம் அதிகம். பார்த்த பத்தாவது நொடியில் யாரும் ஆடத் தொடங்கலாம்.

'கோல் 3' இரண்டாவது வகை. எதிராளியை இடித்துத் தள்ளினாலும் நடுவர் விசில் ஊதமாட்டார். ஆட்டத்தின் நடுவே சூறாவளி வரும், மின்னல் விழும். சரியான நேரத்தில் உதைத்தால் பந்து விதவிதமாகப் பறந்து, கோல்கீப்பரையும் தூக்கிக்கொண்டு வலைக்குள் போகும்.

வீரர்கள் ஏன் மினுக்கினார்கள்?

நாலைந்து பேர் ஒரே இடத்தில் கூடினால், சிலர் மறைந்து மறைந்து தெரிவார்கள். ஞாபகம் இருக்கா? "கேசட் போச்சு" என்று பலரும் நினைத்தார்கள். கேசட் மேல் தப்பில்லை.

ஃபேமிகாமில் நகரும் உருவங்கள் எல்லாம் 8 பிக்சல் அகலமுள்ள சின்னப் படத்துண்டுகளால் ஆனவை. திரையில் ஒரே கிடைக்கோட்டில் அதிகபட்சம் 8 துண்டுகளைத்தான் அதன் சிப் காட்டும். ஒரு வீரருக்குப் பக்கவாட்டில் இரண்டு துண்டு என்று வைத்தால், ஒரு வரிசையில் நான்கு பேர் நின்றாலே கணக்கு முடிந்தது. பந்துக்குக்கூட இடமில்லை.

இதற்குப் புரோகிராமர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இந்த நொடித்துளியில் இவர், அடுத்த நொடித்துளியில் அவர் என்று மாற்றி மாற்றிக் காட்டுவது. ஒருவர் நிரந்தரமாகக் காணாமல் போவதைவிட, எல்லோரும் கொஞ்சம் மினுக்குவது மேல்தானே?

உள்ளங்கைக்கு வந்தபோது எதை வெட்டினார்கள்?

'கோல் 3'க்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு: 'நிண்டெண்டோ வேர்ல்டு கப்'. இதுவும் டெக்னோஸ் கைவண்ணம்தான். 1990இல் டிவி கன்சோலுக்கு வந்த இந்த கேமை, கையடக்க கன்சோலான கேம் பாய்க்கும் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்பதை எண்களே சொல்லும்.

டிவி கன்சோலின் திரை 256×240 பிக்சல். கேம் பாய் திரை 160×144. மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நிறங்கள்? பச்சை கலந்த சாம்பலில் நான்கே நான்கு சாயல்கள். சிவப்பு ஜெர்சி, நீல ஜெர்சி என்று அணிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. அந்தக் காலத்து எல்சிடி திரை மெதுவாக மாறும் என்பதால், வேகமாக ஓடும் பந்துக்குப் பின்னால் ஒரு மங்கலான வால் வேறு.

ஆனாலும் கேம் ஆடும்படி இருந்தது. ஏன்? அதன் அடிப்படை யோசனை சிக்கனமானது. ஓர் அணிக்கு 11 பேர் இல்லை, கோல்கீப்பரையும் சேர்த்து 6 பேர்தான். அதிலும் ஆடுபவர் இயக்குவது ஒரே ஒரு வீரரை. மற்றவர்களுக்கு "பாஸ் கொடு", "அடி" என்று பட்டன் வழியே குரல் மட்டும் கொடுக்கலாம். தெருவில் ஆடும்போது "எனக்குக் குடுடா" என்று கத்துவோமே, அதேதான்! மைதானம் முழுவதையும் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. திரை சுருங்கினாலும் ஆட்டத்தின் உயிர் போகவில்லை.

டிவி கன்சோலில் தனிக் கருவியைப் பொருத்தினால் ஒரே திரையில் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். கேம் பாயில் இருவர் ஆட ஆளுக்கொரு கன்சோல், நடுவே ஒரு கேபிள் வேண்டும். கையடக்கமானதும் வசதி கூடியது, கூட்டம் குறைந்தது.

இந்த வெட்டல் ஒட்டல் இன்றும் நிற்கவில்லை. 2017இல் 'ஃபிஃபா 18' நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்தபோது, மற்ற கன்சோல்களில் இருந்த 'தி ஜர்னி' என்ற கதைப் பகுதி அதில் இல்லை.

கடைத்தெருவில் விற்கும் '400 இன் 1' எந்தக் கணக்கு?

திருவிழாக் கடைகளிலும் ஆன்லைனிலும் மூன்று அங்குலத் திரையோடு '400 இன் 1' என்ற கையடக்கக் கருவி கிடைக்கிறது. பழைய நோக்கியா போன் பேட்டரி போலவே ஒன்று உள்ளே இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு பெட்டி முழுக்க இருந்த ஃபேமிகாம், இப்போது ஒரே சிப்புக்குள் அடங்கிவிட்டது.

அதிலுள்ள கேம்களில் பெரும்பாலானவை உரிமை பெறாத நகல்கள். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பு உண்டு. கன்சோல் பழசு, கம்பெனி மூடியாச்சு என்பதால் உரிமை காலாவதி ஆகிவிடாது.

டெக்னோஸ் 1996இல் மூடப்பட்டது. அதற்கு நம் ஊர் கள்ளக் கேசட்டுகள்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தெருத்தெருவாக ஆடிய ஆட்டத்திலிருந்து, அதை உருவாக்கியவர்களுக்கு ஒரு பைசாவும் போகவில்லை என்பது நிஜம். நேர்மையாக வாங்க வழியே இல்லாமல் இருந்தது என்பதும் நிஜம்தான்.

அந்த வழி பிறகு திறந்தது. குனியோ கேம்களின் உரிமையை 2015இல் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் வாங்கியது. 2020 பிப்ரவரியில், பழைய கேம்கள் 18 அடங்கிய தொகுப்பு ஜப்பானுக்கு வெளியேயும் வந்தது. அதில் நம் 'கோல் 3'யும் உண்டு, சொந்தப் பெயரோடு, ஆங்கிலத்தில். ஸ்விட்ச் கன்சோலில் அதைக் கையிலேயே வைத்து ஆடலாம். 27 வருஷம் கழித்து, திருட்டு அல்லாத வழியில் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது!

கடலூர் இதில் எங்கே வருகிறது?

கேம் சின்னதாகும்போது எதை வெட்டுகிறார்கள் என்று பார்த்தோம். திரை பெரிதானபோதும் சிலர் வெளியேதான் நின்றார்கள்.

1993இல் தொடங்கிய ஃபிஃபா கேம் வரிசையில் பெண்கள் அணிகள் முதன்முதலில் இடம்பெற்றது 2015இல், 'ஃபிஃபா 16'இல்தான். 22 வருஷம்! வந்ததும் 12 நாட்டு அணிகள். இந்தியா அதில் இல்லை. ஆண்கள் ஆடும் ஐ.எஸ்.எல். அணிகளுக்கு 'ஃபிஃபா 22'இல் இடம் கிடைத்தது.

அதே காலத்தில் கடலூரில் என்ன நடந்தது? இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டத்துக்காரர்கள். தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் போட்டியில், பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2018 இறுதிப் போட்டியில் 2-1 என்று வீழ்த்தி தமிழ்நாடு முதல்முறையாகக் கோப்பையை வென்றது. கேமில் இடம் கிடைக்க அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆனால் மொபைலில் வளரும் பிள்ளைக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. மெஸ்ஸியும் ரொனால்டோவும் தினமும் கைக்குள் ஓடுவதால்தான் அவர்கள் வீட்டு ஆட்கள் போல ஆகிறார்கள். கேமில் இல்லாத பெயர், வாயில் வருவது கஷ்டம்.

90களின் புரோகிராமர்களுக்கு ஒரு வரிசையில் 8 துண்டுகள்தான் கிடைத்தன. அப்போதும் யாரையும் மொத்தமாக விட்டுவிடாமல், மினுக்கியாவது காட்டினார்கள். இன்றைய போனில் அப்படிப்பட்ட இடநெருக்கடி ஏதும் இல்லை. யாரைச் சேர்ப்பது என்பது இப்போது சிப்பின் கையில் இல்லை. மனிதர்களின் கையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை கேமில் அணியைத் தேர்ந்தெடுக்கும்போது, பட்டியலை ஒருமுறை கீழே வரை தள்ளிப் பாருங்கள். பிறகு ஒரு மாலை, கடலூர் அண்ணா விளையாட்டரங்கம் பக்கமும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். அங்கே யாரும் மினுக்குவதில்லை.