இயற்கைக்கு மாறானதா?

2006 அக்டோபரில் நார்வே தலைநகர் ஆஸ்லோவில், பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியைத் திறந்தது. காட்டியது, ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் உறவுகொள்ளும் விலங்குகளை. ஓர் ஆண் ஒட்டகச்சிவிங்கி இன்னோர் ஆண் மீது ஏறும் புகைப்படமும் அதில் உண்டு. ‘இயற்கைக்கு மாறானதா?’ என்ற கேள்வியையே கண்காட்சிக்குப் பெயராக வைத்திருந்தார்கள்.

எதிர்ப்பு கிளம்பியது. ஏற்பாட்டாளர்கள் நரகத்தில் வேகட்டும் என்று ஒரு பாதிரியார் சபித்ததாகச் செய்தி வந்தது. அருங்காட்சியகம் பதிலுக்கு வைத்தது கணக்கை: சுமார் 1,500 உயிரினங்களில் இந்த நடத்தை காணப்பட்டிருக்கிறது, அவற்றில் 500 இனங்களுக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது.

குட்டி ஈனாத உறவால் என்ன பயன்? ஆஸ்திரேலியாவின் கறுப்பு அன்னங்களைப் பார்க்கலாம். இரண்டு ஆண்கள் ஜோடி சேர்ந்து, ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொள்ளும். அது முட்டையிட்டதும் துரத்திவிட்டுத் தாமே அடைகாக்கும். இரு ஆண்களின் பலத்தால் நல்ல எல்லை கைக்கு வருவதால், குஞ்சுகள் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. பொனோபோ மனிதக்குரங்குகளோ சண்டை மூளும் நேரத்தில் உடலுறவால் சமாதானமாகிவிடும். அதில் ஆண், பெண் என்ற பேதமில்லை. பல விலங்குகளுக்கு உடலுறவு வம்சவிருத்திக்கு மட்டுமானதல்ல.

இவ்வளவும் ஏன் தாமதமாக வெளியே வந்தது? பிரிட்டிஷ் ஆய்வுப்பயணி ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் சென்ற மருத்துவர் ஜார்ஜ் மர்ரே லெவிக், 1911-12இல் கேப் அடேரில் அடேலி பென்குயின்களைக் கவனித்தார். ஆணும் ஆணும் கூடுவதையும், செத்த பெண் பறவையோடு ஆண் கூடுவதையும் கண்டு அதிர்ந்தார். சிலவற்றை யாரும் எளிதில் படித்துவிடாதபடி கிரேக்க எழுத்தில் குறித்துவைத்தார். 1915இல் அச்சான அவருடைய சிறு கட்டுரை ‘வெளியிடுவதற்கல்ல’ என்ற குறிப்போடு 100 பிரதிகளோடு நின்றது. பிரிட்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரஸ்ஸலும் அவருடைய சகாக்களும் 2012இல்தான் அதை உலகறியச் செய்தார்கள். உறைந்து கிடக்கும் உடல், இணங்கிப் படுத்த பெண்ணைப் போலத் தெரிவதால் ஆண் ஏமாறுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இந்தப் பென்குயின்தான் ஆஸ்லோ கண்காட்சியை ஆதரிப்பவர்களுக்கும் ஒரு கடிவாளம். விலங்கு செய்வதெல்லாம் சரி என்று வாதாடினால், இதையும் சரி என்றாக வேண்டும். ஆகவே கண்காட்சியால் நிறுவ முடிந்தது ஒன்றுதான்: ‘இது இயற்கையில் இல்லாதது’ என்ற வாதம் பொய்.

அந்த ஒன்றே பெரிது. 1860இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவு, ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது’ என்று சொல்லித்தான் இத்தகைய உறவைக் குற்றமாக்கியது. வயதுவந்தவர்கள் மனமொத்து உறவுகொள்வதை அந்தப் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6 அன்று. அதற்கு ஆதாரமாக நின்றவை மனிதரின் கண்ணியமும் சமத்துவமும் அந்தரங்க உரிமையும். மனிதர் விவகாரத்துக்கு அவையே போதும். ஒட்டகச்சிவிங்கியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.