ஜீப் கிளாடியேட்டர்

ஜீப் கிளாடியேட்டர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டொலிடோ நகரில் 2019 ஆம் ஆண்டு முதல் உற்பத்தி செய்யப்பட்டு வரும் பிக்கப் வகை வண்டி ஆகும். நான்கு கதவுகளும் இரண்டு வரிசை இருக்கைகளும் கொண்ட முழு அறையும், அதன் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் உடையதால் இது இரட்டைக் கேபின் வகையைச் சார்ந்தது. இலங்கையில் இத்தகைய வண்டிகள் பொதுவாக கெப் வாகனம் எனப்படுகின்றன. பாதையில்லாத நிலத்தில் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ராங்ளர் வண்டியின் அடிப்படையில் இது உருவாக்கப்பட்டது. ஒரு வண்டிக்கான எதிர்பார்ப்பும் அதன் சந்தைத் தேவையும் ஒன்றல்ல என்பதற்கு அண்மைக் காலத் தானுந்துத் துறையில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

கிளாடியேட்டர் என்ற பெயர் புதியதன்று. 1960களிலேயே இந்நிறுவனத்தின் முழு அளவுப் பிக்கப் வண்டி ஒன்று இப்பெயரில் விற்கப்பட்டது. பின்னர் வந்த கமாஞ்சி என்ற சிறிய பிக்கப்பின் உற்பத்தி 1992 இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் 27 ஆண்டுகளுக்கு ஜீப் பெயரில் பிக்கப் வண்டி எதுவும் ஆலையிலிருந்து வெளிவரவில்லை.

இவ்விடைவெளியில் எதிர்பார்ப்பு குறையவில்லை. 2005 இல் டெட்ராயிட் கண்காட்சியில் கிளாடியேட்டர் என்ற பெயரிலேயே ஒரு மாதிரி வண்டி காட்டப்பட்டது. ஆனால் அது விற்பனைக்கு வரவில்லை. 2011 இல் நான்கு கதவு ராங்ளரை இரண்டு கதவுப் பிக்கப்பாக மாற்றும் உதிரிபாகத் தொகுப்பை நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவான மோப்பார் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நல்ல நிலையிலுள்ள வண்டியின் உடற்பகுதியை அறுத்து மாற்றப் பணம் செலவிடவும் சிலர் ஆயத்தமாக இருந்தனர். ஆர்வம் ஆழமானது என்பதற்கு இது சான்றாகும். எத்தனை பேருக்கு அந்த ஆர்வம் இருந்தது என்பதை இதிலிருந்து அறிய இயலாது.

ஐக்கிய அமெரிக்கச் சந்தையில் இவ்வகை வண்டிகள் அரிதாக இருந்ததற்கு ஒரு வரியும் காரணம். அமெரிக்கக் கோழி இறைச்சி மீது ஐரோப்பிய நாடுகள் விதித்த தீர்வைக்குப் பதிலடியாக, இறக்குமதியாகும் இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கு ஐக்கிய அமெரிக்கா 1964 முதல் 25 விழுக்காடு வரி விதித்தது. கோழிச் சண்டை விரைவில் மறக்கப்பட்டது. வரி மட்டும் நிலைத்துவிட்டது. டொயோட்டா ஐலக்சு போன்று உலகெங்கும் ஓடும் வண்டிகள் அங்கு விற்கப்படாமைக்கு இதுவே முக்கிய காரணம். உள்நாட்டிலேயே தயாரிப்பவருக்கு இவ்வரி ஒரு வேலியாக அமைந்தது.

அறிமுகமும் முன்பதிவும்

2016 சனவரியில் ஃபியட் கிறைசுலர் நிறுவனத்தின் தலைமை அதிகாரி செர்ச்சியோ மார்க்கியோனே இப்பிக்கப் தயாரிக்கப்படும் என உறுதி செய்தார். 2018 சூலையில் அவர் காலமானார். வண்டி அவ்வாண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் வெளியிடப்பட்டது.

முன்பதிவுக்கு 2019 ஏப்ரல் 4 ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. நான்காம் மாதம் நான்காம் நாள் என்பது நான்கு சக்கர இயக்கத்தைக் குறிக்கும் குறிப்பாகும். டொலிடோவின் தொலைபேசிக் குறியீடு 419 என்பதால், சிறப்புப் பதிப்பு 4,190 வண்டிகளாக வரையறுக்கப்பட்டது. ஒன்றின் விலை 60,000 டாலருக்கும் அதிகமாக இருந்தபோதிலும், அனைத்தும் அன்றே பதிவாயின. இச்செய்தி பெருந்தேவையின் அடையாளமாகக் கருதப்பட்டது. எனினும் அதே ஆண்டில் அதே பிரிவைச் சேர்ந்த டொயோட்டா டகோமா ஐக்கிய அமெரிக்காவில் 2,40,000 இற்கும் மேல் விற்றது. அவ்வளவோடு ஒப்பிட்டால் 4,190 என்பது ஏறத்தாழ ஒரு வார விற்பனையே. எண்ணிக்கையை முன்கூட்டியே சிறியதாக வரையறுத்தால் ஒரே நாளில் தீர்ந்துபோவது வியப்பன்று.

வடிவமைப்பு

கிளாடியேட்டரின் வலிமையும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. முன்னும் பின்னும் முழு அச்சுகள், கழற்றக்கூடிய கதவுகளும் கூரையும், மடக்கக்கூடிய முன்கண்ணாடி ஆகியவற்றை ராங்ளரிலிருந்து இது பெற்றுக்கொண்டது. சரக்குத் தொட்டிக்கு இடமளிக்க, முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு நான்கு கதவு ராங்ளரை விட 49 சென்டிமீட்டர் கூட்டப்பட்டது. மொத்த நீளம் 5.5 மீட்டரைத் தாண்டியது.

இதன் விளைவை ஒரு பள்ளத்திலிருந்து மேலேறும் வண்டியை எண்ணிப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி நிலத்தில் உரசாமல் ஏறக்கூடிய உச்ச அளவு விலகு கோணம் எனப்படும். ரூபிகான் வகை ராங்ளரில் இது 37 பாகை. அதே வகைக் கிளாடியேட்டரில் 26 பாகை மட்டுமே. சக்கரங்களுக்கு நடுவே அடிப்பகுதி மேட்டில் தட்டும் வாய்ப்பும் கூடுகிறது. கரடுமுரடான நிலத்தில் ராங்ளருக்கு இது ஈடாகாது. சாதாரணச் சாலையிலோ முழு அச்சுகளின் காரணமாகப் போட்டி வண்டிகளைப் போல் அமைதியாக ஓடாது. ஆயினும் இரண்டையும் ஒருசேர விரும்புவோருக்கு வேறு வண்டி இல்லை.

3.6 லிட்டர் ஆறு உருளைப் பெட்ரோல் பொறி 285 குதிரைத்திறன் தரும். ஐக்கிய அமெரிக்காவில் 2021 முதல் 2023 மாதிரி ஆண்டு வரை டீசல் பொறியும் வழங்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டின் வட அமெரிக்கச் சிறந்த பிக்கப் விருது இவ்வண்டிக்குக் கிடைத்தது.

ஆத்திரேலியா

இரட்டைக் கேபின் வண்டிகள் யூட் என்ற பெயரில் பெருமளவு விற்பனையாகும் ஆத்திரேலியாவுக்கு 2020 இல் இது சென்றது. அங்கு இவ்வகை வண்டி பணிக்கருவியாகவும் குடும்ப வண்டியாகவும் ஒருங்கே பயன்படுகிறது. வாங்குபவர்கள் ஏறத்தாழ ஒரு டன் சுமையையும், 3,500 கிலோகிராம் இழுதிறனையும், டீசல் பொறியையும் எதிர்பார்ப்பது வழக்கம். பெட்ரோல் பொறியுடன் மட்டும் வந்த கிளாடியேட்டர் இம்மூன்றிலும் குறைபட்டது. எனவே ஐலக்சு, ரேஞ்சர் ஆகியவற்றுக்குப் போட்டியாகாமல், பொழுதுபோக்கு வண்டியாகவே அது நின்றது.

விற்பனையின் போக்கு

ஐக்கிய அமெரிக்காவில் 2019 இன் எஞ்சிய மாதங்களில் சுமார் 40,000 வண்டிகள் விற்றன. 2021 இல் இது ஏறத்தாழ 90,000 ஆக உயர்ந்தது. சில்லுத் தட்டுப்பாட்டால் எல்லா நிறுவனங்களிடமும் வண்டிகள் குறைவாக இருந்த ஆண்டு அது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். பின்னர் 2023 இல் சுமார் 55,000 ஆகவும், 2024 இல் சுமார் 42,000 ஆகவும் குறைந்தது. நெடுநாள் காத்திருந்தவர்கள் முதல் ஆண்டுகளிலேயே வாங்கிவிட்டிருக்கலாம். கடன் வட்டி 2022 முதல் உயர்ந்தது. டகோமா, கொலராடோ, ரேஞ்சர் ஆகிய மூன்றும் இக்காலத்தில் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு வந்தன.

இவ்வீழ்ச்சியின் சுமை முதலில் தொழிலாளர் மீதே விழுந்தது. கிளாடியேட்டர் தயாராகும் டொலிடோ தெற்கு ஆலையில் இரண்டு பணிமுறைகளை ஒன்றாகக் குறைத்து, சுமார் 1,100 பேரைப் பணிநீக்கம் செய்யப்போவதாக, 2021 முதல் ஜீப்பின் உரிமையாளராக உள்ள ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனம் 2024 நவம்பரில் அறிவித்தது. டிசம்பர் தொடக்கத்தில் அதன் தலைமை அதிகாரி கார்லோஸ் தவாரெஸ் பதவி விலகினார். அம்மாத இறுதிக்குள் பணிநீக்க அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.