உஷார்! டிக்கியில் பேஸ் பெட்டி வைத்திருக்கிறீர்களா?

காரில் சப்-ஊஃபர் மாட்டியிருப்பவர்கள் உடனே பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் தடித்த வயரில், முதல் ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வயரைக் கழற்றிவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

“ஆம்ப்ளிஃபயர்லயே ஃபியூஸ் இருக்கு சார்” என்றுதான் மாட்டியவர்கள் எனக்கும் சொன்னார்கள். நம்பினேன். அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரை மட்டுமே காக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஓடும் வயருக்குக் காவல் கிடையாது. கார் பாடி முழுவதும் நெகடிவ். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் வயர் போக ஓட்டை போட்டவர்கள், ரப்பர் கிராமெட் வைக்கவில்லை. எட்டே மாதத்தில் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது. சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் காட்டினார். எனக்குக் கை நடுங்கியது. செம்பு தகட்டைத் தொட்டிருந்தால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டியிருக்கும். வயர் பழுக்கும், கார்ப்பெட் பற்றும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அதே காரின் பின்சீட்டில்தான் என் பிள்ளைகள் தினமும் பள்ளிக்குப் போனார்கள்.

வயரையும் சுரண்டிப் பாருங்கள்

500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபயர் முழுப் பவரில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 4 கேஜ் அசல் செம்பு வயர் வேண்டும். மலிவான வயர்கள் பல, செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதே தடிமனில் அது தாங்கும் கரண்ட் குறைவு, சூடு அதிகம்.

ஸ்க்ரூ இறக்கும் முன் கீழே குனியுங்கள்

பெரும்பாலான கார்களில் பின்சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. பெட்டியைப் பூட்டும்போது, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டிரில் வைக்க விடாதீர்கள். அதற்காகப் பெட்டியைச் சும்மாவும் வைக்காதீர்கள். 50 கி.மீ. வேகத்தில் கார் மோதி நின்றால், கட்டாத 25 கிலோ பெட்டி அதே 50 கி.மீ. வேகத்தில் பின்சீட்டை நோக்கிப் பாயும்.

வெளி அளவை நம்பாதீர்கள்

“12 இன்ச்சுக்கு இந்தப் பெட்டிதான்” என்று ஒரே அளவில் அறுத்துத் தருகிறார்கள். 75 × 35 × 35 செ.மீ. பெட்டியின் வெளிக்கணக்கு 92 லிட்டர். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையின் தடிமனைக் கழித்தால் உள்ளே 70 லிட்டர். போர்ட்டும் (பெட்டியிலுள்ள காற்றுக் குழல்) ஸ்பீக்கரின் காந்தமும் அடைக்கும் இடத்தையும் கழித்தால் 57 லிட்டர் அளவில் வந்து நிற்கும். போர்ட்டின் நீளம் இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் பொருந்த வேண்டும். 1961-ல் நெவில் தீலும் 1970-களில் ரிச்சர்டு ஸ்மாலும் ஆஸ்திரேலியாவில் வகுத்த கணக்கு இதற்கென்றே இருக்கிறது. அதற்கு வேண்டிய எண்கள் ஸ்பீக்கரோடு வரும் தாளிலேயே அச்சாகியிருக்கும். அந்தத் தாளைக் குப்பையில் போடாதீர்கள்!

போர்ட் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தால், அதற்குக் கீழே இறங்கும் பேஸில் கோனைத் தாங்கிப் பிடிக்கப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது. கோன் கட்டறுந்த மாடு மாதிரி முன்னும் பின்னும் பாயும், கோனை ஆட்டும் வாய்ஸ் காயில் அடிபடும். மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டரை டியூனிங்குக்குச் சற்றுக் கீழே வைத்தே தீர வேண்டும். அந்த ஃபில்டர் இல்லாத ஆம்ப்ளிஃபயர் என்றால், போர்ட் இல்லாத சீல்டு பெட்டி போதும். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

கெயின், வால்யூம் அல்ல

4 ஓம் காயில் இரண்டு கொண்ட ஸ்பீக்கரைப் பேரலலில் இணைத்தால் 2 ஓம். அப்படி இரண்டு ஸ்பீக்கரையும் பேரலலில் சேர்த்தால் 1 ஓம். ஆம்ப்ளிஃபயரில் ‘குறைந்தது 2 ஓம்’ என்றிருந்தால் அதோடு நிறுத்துங்கள்.

ஆம்ப்ளிஃபயரிலுள்ள கெயின் குமிழை மல்டிமீட்டர் வைத்துத்தான் செட் செய்ய வேண்டும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஏசி வோல்ட்டைப் பாருங்கள். 2 ஓமில் 500 வாட்ஸ் என்றால் 31.6 வோல்ட், அதற்கு மேல் போகாதீர்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். 6 டெசிபெல் பூஸ்ட், அந்த இடத்தில் நாலு மடங்கு பவர் கேட்கும். தர ஆம்ப்ளிஃபயரிடம் இல்லாதபோது சிக்னலின் தலை வெட்டுப்படும், காயில் சூடாகும். கருகிய வார்னிஷ் வாடை வந்தால் அந்த நொடியே அணையுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர்? கிராமெட் போட்டாயிற்றா? பெட்டியை எதில் கட்டியிருக்கிறீர்கள்? உள்ளே நிகர அளவு எத்தனை லிட்டர்? எத்தனை ஹெர்ட்ஸுக்கு டியூன்? கெயின் எத்தனை வோல்ட்?

இந்த ஆறுக்கும் பதில் சொல்பவரிடம் மட்டும் காரை விடுங்கள். ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள், பிள்ளைகளை அடுத்த முறை பின்சீட்டில் ஏற்றும் முன் ஒரு தடவை பானெட்டைத் திறந்து அந்த வயரைப் பார்த்துவிடுங்கள்.