வண்டி நிறுத்த விட்ட இடம்

2001 ஜனவரி 26, காலை 8.46 மணி. ஊரெங்கும் குடியரசு தினக் கொடியேறிக்கொண்டிருந்த வேளையில், குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 7.7. பச்சாவ் நகரம் ஏறக்குறைய தரைமட்டமானது. புஜ், அஞ்சார் நகரங்களின் பழைய தெருக்களில், மண்சாந்து வைத்து அடுக்கிய கல்சுவர்கள் சந்துகளுக்குள்ளேயே சரிந்தன.

வியப்பு வேறிடத்தில் இருந்தது. 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் கான்கிரீட் அடுக்குமாடிகள் பல விழுந்தன. ஏன்?

நகரின் சில பகுதிகளில், அடியில் இருந்த ஆற்று வண்டல் அதிர்வைப் பெருக்கியது. கட்டடங்களிலும் கோளாறு இருந்தது. மேல்மாடிகளில் செங்கல் சுவர்கள் இறுக்கிப் பிடித்திருக்க, தரைத்தளம் மட்டும் வண்டி நிறுத்தத் திறந்து கிடந்தது. ஆட்டம் முழுவதும் அந்த வெறுந்தூண்களின் தலையில் விழுந்தது. தூணுக்குள் 'ரிங்' கம்பிகளை நெருக்கமாகக் கட்டி, முனையை உள்நோக்கி 135 டிகிரி மடக்கியிருந்தால், கான்கிரீட் நொறுங்கினாலும் சிதறாது. பல இடங்களில் அப்படிச் செய்யவில்லை.

கட்ச் ரண் உப்புப் பாலைவனத்தில் தரையே குழம்பியது. நீரில் ஊறிய மணல் குலுங்கும்போது நீரின் அழுத்தம் ஏறி, மணல் தன் பிடிப்பை இழந்துவிடும். மணலும் நீரும் ஊற்றாகப் பீறிட்டன. காண்ட்லா துறைமுகத்தின் அலுவலகக் கோபுரம், ஆழமான பைல் அடித்தளம் இருந்தும் சாய்ந்தது. கட்சுக்குச் செல்லும் சூரஜ்பாரி பாலம் சேதமடைந்ததால் நிவாரண லாரிகள் திணறின.

2002-ல் திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்க வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அங்கும் தரைத்தளத்தை வண்டிகளுக்கு விட்ட அடுக்குமாடிகள் ஏராளம். இரு திசைகளிலும் சில தூண்களுக்கு இடையே கான்கிரீட் சுவர் எழுப்பினாலே அவற்றின் பலம் வெகுவாகக் கூடும்.