துணியின் சான்றும் உடையின் வரலாறும்: அருங்காட்சியகத் துணித்தொகுப்புகளைச் சோழமண்டலக் கரைத் துணிகளின்வழி அறிதல்

ஆய்வுச் சுருக்கம்

அருங்காட்சியகங்களில் உள்ள பழந்துணிகள் உடை வரலாற்று ஆய்வின் முதன்மைச் சான்றுகளாகும். ஆயினும் ஒரு துணி தொகுப்பிற்குள் வந்த விதம், வெட்டப்பட்ட விதம், பதிவு செய்யப்பட்ட விதம், காக்கப்பட்ட விதம் ஆகியவை அது தரும் சான்றைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. சோழமண்டலக் கரையோடு தொடர்புடைய சில தொகுப்புகளையும் ஆவணங்களையும் கொண்டு இவ்வுறவை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துணித்தொகுப்பு, உடை வரலாறு, சாயவேர், மாதிரித் துண்டு, பாதுகாப்பியல், தோள்சீலை

முன்னுரை

கல்லும் செம்பும் நிலைத்து நிற்பன. துணியோ உடுத்த உடுத்த நைவது. வெயில், ஈரம், பூச்சி, சலவை ஆகிய யாவும் அதன் பகை. தமிழகம் போன்ற வெப்ப நிலப்பகுதியில் பல நூற்றாண்டுப் பழமையுடைய துணிகள் மிக அரிதாகவே எஞ்சியுள்ளன. இதனால் சோழமண்டலக் கரையில் நெய்யப்பெற்று, வண்ணம் தீட்டப்பெற்ற துணிகளின் வரலாற்றை எழுத முனைபவர் இலண்டன், பாரிசு, நெதர்லாந்து ஆகிய இடங்களிலுள்ள தொகுப்புகளை நாட வேண்டியுள்ளது. அத்தொகுப்புகள் தமிழக மக்களின் உடையை அறியும் நோக்கில் உருவானவை அல்ல. வணிகம், தொழிற்போட்டி, அழகுணர்வு, தற்செயல் ஆகியவையே அவற்றை உருவாக்கின. எனவே துணியை ஆராய்வதற்கு முன் தொகுப்பை ஆராய்வது இன்றியமையாததாகிறது.

துணியும் உடையும்

துணி என்பது பொருள். உடை என்பது உடலோடு அப்பொருள் கொள்ளும் உறவு. தைத்த ஆடையில் வெட்டும் தையலும் உடலின் அளவைச் சொல்லிவிடும். தைக்காத சேலை, வேட்டி, தலைப்பாகை ஆகியவற்றில் அச்சான்று இல்லை. ஒரே சேலையைப் பல விதமாகக் கட்டலாம். மடித்து வைத்தபின் அது வெறும் நீள்சதுரத் துணியே. அதனை உடுத்தியவர் யார், எவ்வாறு கட்டினார், எவ்வேளையில் உடுத்தினார் என்பவற்றைத் துணி தானாக முன்வந்து சொல்வதில்லை. மடிப்புத் தடம், ஓரிடத்தில் மட்டும் காணும் தேய்வு, முந்தானைப் பகுதியின் நிறமங்கல், ஒட்டுப்போட்ட இடம் போன்ற நுண்தடயங்களே அங்குத் துணை செய்கின்றன. தைக்காத உடை மரபை ஆராய்பவர்க்குப் பதிவேட்டுக் குறிப்பு இரட்டிப்பு மதிப்புடையதாவதற்கு இதுவே காரணம்.

மாதிரித் துண்டுகளின் தொகுப்பு

ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் வெளியிட்ட இந்தியத் துணி மாதிரித் தொகுதிகள் இவ்வகையில் சிறந்த எடுத்துக்காட்டாகும். அவை 18 தொகுதிகளில் 700 மாதிரித் துண்டுகளைக் கொண்டவை. மொத்தம் 20 படிகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் 13 பிரிட்டனிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. இந்திய மக்கள் விரும்பும் துணியைப் பிரிட்டன் ஆலைகள் அறிந்து, அவ்வாறே நெய்து இந்தியச் சந்தையில் விற்க வேண்டும் என்பது இம்முயற்சியின் வெளிப்படையான நோக்கம். இத்தொகுதிகளை எளிதில் கொண்டுசெல்லத்தக்க தொழில் அருங்காட்சியகங்களாகவே வாட்சன் கருதினார்.

நோக்கம் வணிகமாயினும் முறை ஒழுங்குடையது. தறியிலிருந்து இறங்கியவுடன் உடுத்தத்தக்கவை, வெட்டித் தைக்க வேண்டியவை என்னும் அடிப்படைப் பாகுபாட்டை வாட்சன் மேற்கொண்டார். தலைப்பாகை, வேட்டி, சேலை எனப் பயன்பாட்டு நிலையில் துணிகள் வரிசைப்படுத்தப்பட்டன. துண்டுகளோடு நீளம், அகலம், எடை, கிடைத்த ஊர், விலை ஆகிய விவரங்களும் இணைக்கப்பட்டன. இவ்விவரங்கள் இன்றைய ஆய்வாளர்க்குப் பெரும் பயனளிப்பவை. எடையையும் அளவையும் கொண்டு துணியின் நயத்தைக் கணிக்கலாம். விலையைக் கொண்டு அதை வாங்கக்கூடியவரின் பொருளாதார நிலையை ஓரளவு உய்த்துணரலாம்.

இழப்பும் அதே முறையிலேயே அமைந்துள்ளது. 20 படிகளுக்கும் துண்டு வேண்டும் என்பதற்காக முழுத் துணிகள் வெட்டப்பட்டன. உடலும் முந்தானையும் கரையும் ஒன்றோடொன்று கொண்டிருந்த விகிதம் துண்டில் முழுமையாகத் தெரிவதில்லை. ஊர்ப்பெயர் உண்டு, நெய்தவர் பெயர் இல்லை. விலை உண்டு, உடுத்தியவர் இல்லை. ஆலை முதலாளிக்கு அவை தேவைப்படவில்லை. தொகுப்பாளர் எழுப்பிய வினாக்களுக்கு மட்டுமே தொகுப்பு விடை வைத்திருக்கும் என்பதை இது தெளிவாக்குகிறது.

செய்முறையைக் காக்கும் சான்று

வேறு வகையான தொகுப்பு ஒன்று பாரிசின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் பொலியோ 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் வண்ணத்துணி தீட்டப்படுவதை நேரில் கண்டு எழுதிய கையெழுத்துப்படி அது. ஒவ்வொரு கட்டத்திலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி அவர் குறிப்போடு சேர்த்துள்ளார். 11 துண்டுகள் அதில் உள்ளன. சோழமண்டலக் கரையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி கூர்து 1742இல் எழுதிய மடலும் இதே தொழில்நுட்பத்தை விரித்துரைக்கிறது.

இச்சான்றுகள் காட்டும் செய்முறை பின்வருமாறு அமைகிறது. வெளுத்த பருத்தித்துணி முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்து உலர்த்தப்படும். கடுக்காயின் துவர்ப்பொருள் சாயப்பற்றிக்கு இடம் தரும். பாலின் கொழுப்பு தீட்டும் கரைசல் படர்ந்துவிடாமல் தடுக்கும். கருங்கோட்டிற்கு இரும்புக் கரைசலும், சிவப்பு வேண்டிய இடங்களுக்குப் படிகாரக் கரைசலும் தீட்டப்படும். பின்னர்த் துணி சாயவேர்ச் சாற்றில் காய்ச்சப்படும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை நிலையாகப் பற்றிக்கொள்ளும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் தோய்ப்பர். மெழுகு நீக்கியபின் நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டப் பச்சை பிறக்கும்.

இச்செய்முறை அறிவு இல்லாமல் இன்று எஞ்சியுள்ள துணிகளைச் சரியாகக் காண இயலாது. இத்துணிகளில் பலவற்றில் இலைகள் நீலமாகத் தோன்றுகின்றன. கலைஞர் நீல இலையை விரும்பினார் என்று கொள்வது பிழை. அவுரி நீலம் நிலைத்தது. அதன்மேல் தீட்டிய மஞ்சள் ஒளியிலும் சலவையிலும் மங்கிப் போயிற்று. அதுபோலவே கருங்கோடு ஓடிய இடங்களில் மட்டும் துணி இற்றிருப்பது பூச்சியின் வேலை அன்று. இரும்பும் துவர்ப்பொருளும் சேர்ந்து இழையை அரித்ததன் விளைவு. பழுதாகத் தோன்றுவதே இங்குச் சாயமிடலின் சான்றாக அமைகிறது.

எஞ்சியவையும் எஞ்சாதவையும்

எது எஞ்சியது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்திய வண்ணத்துணிகள் உள்நாட்டுக் கம்பளி, பட்டுத் தொழில்களை நலிவிப்பதாக எழுந்த கிளர்ச்சியால் பிரான்சு 1686இல் அவற்றைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1701, 1721ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இறக்குமதியையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தின. 1774இல்தான் நிலை தளர்ந்தது. நெதர்லாந்தில் இத்தகைய தடை இல்லை. அங்கு இத்துணி நகரத்தார் உடையாக மட்டுமன்றி வட்டார மரபுடையின் பகுதியாகவும் ஆயிற்று. ஹிண்டெலோப்பன் என்னும் துறைமுக ஊர்ப் பெண்களின் நீண்ட மேலங்கி இதற்குச் சான்று. லியூவார்டன் நகரிலுள்ள ஃபிரீசு அருங்காட்சியகம் இத்தகைய உடைகளைப் பேணிவருகிறது.

தடை இருந்த நாட்டிலும் துணி முற்றிலும் மறையவில்லை. நடிகர் டேவிட் கேரிக் இல்லத்திற்கென மசூலிப்பட்டினத்திலிருந்து வந்த கட்டில் திரைத்துணி சுங்க அலுவலரால் கைப்பற்றப்பட்டது. இன்று அது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆக, ஒரு நாட்டின் தொகுப்பில் குறிப்பிட்ட உடைவகை மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் காணப்படுவதைக் கொண்டு மக்களின் விருப்பை நேரடியாகக் கணிப்பது பொருந்தாது. சட்டமும் இடையில் நிற்கிறது.

வறண்ட நிலமும் துணியைக் காத்தது. எகிப்தில் கிடைத்த இந்திய அச்சுத்துணித் துண்டுகளில் 1200க்கும் மேற்பட்டவை ஆக்சுபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நியூபெரி தொகுப்பாக உள்ளன. அவற்றுள் பெரும்பான்மை குசராத்தைச் சார்ந்தவை. ரூத் பார்ன்சு இத்தொகுப்பை விரிவாக ஆராய்ந்து 1997இல் பட்டியல் நூலாக வெளியிட்டார். கரிமக் காலக்கணிப்பு இவற்றுள் சிலவற்றின் பழமையை முன்பு எண்ணியதைவிடப் பின்னோக்கித் தள்ளியது. மாறாக, வணிகர் வழியாக வந்த இத்துண்டுகளில் அகழிடம், மண்ணடுக்கு பற்றிய விவரம் இல்லை. பொருள் கிடைத்தது, இடம் தொலைந்தது.

துணியை வாசிக்கும் முறை

பொருளைக் கொண்டு பண்பாட்டை அறியும் முறையை ஜூல்சு பிரவுன் 1982இல் விவரித்தல், உய்த்தறிதல், கருதுகோள் அமைத்தல் என மூன்று படிகளாக வகுத்தார். இங்ரிட் மிடா, அலெக்சாண்ட்ரா கிம் இருவரும் 2015இல் வெளியிட்ட நூலில் உடைக்கென இதனை நோக்கல், எண்ணல், பொருள்கொள்ளல் எனத் தகவமைத்தனர். இரு முறைகளும் வற்புறுத்துவது ஒன்றே: முதலில் காண்பதை எழுத வேண்டும், பொருளுரைப்பது பின்னரே.

இந்தியத் துணிக்கு இம்முறையைப் பொருத்துகையில் பாவு, ஊடை இழைகளின் முறுக்குத் திசை, ஓர் அங்குலத்து இழை எண்ணிக்கை, இரு கரைகளும் முழுமையாக உள்ளனவா என்னும் செய்தி, தையல் துளைகள், மடித்த ஓரங்கள், முத்திரைகள் ஆகியவற்றை வரிசையாகக் குறிக்க வேண்டும். இரு கரையும் இருந்தால் தறியகலம் தெரியும். வெறும் தையல் துளை வரிசை அத்துணி முன்பு வேறோர் உடையாக இருந்ததைச் சொல்லும். சாயத்தைக் கண்ணால் மட்டும் முடிவு செய்தல் ஆகாது. நுண்ணிய இழையொன்றைக் கொண்டு செய்யும் நிறச்சாரல் பிரிகைப் பகுப்பாய்வு சாயவேர்ச் சிவப்பையும் பிற சிவப்புகளையும் பிரித்தறிய உதவுகிறது.

பாதுகாப்பும் சான்றிழப்பும்

துணிக்கு ஒளி செய்யும் தீங்கு மீளாதது. சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே செல்வது. ஆகவே காட்சிக்கூடத்தில் ஒளியளவு 50 லக்சுக்கு மிகாமல் வைப்பதும், காட்சிக்காலத்தைக் குறுக்கித் துணிகளை மாற்றி மாற்றி வைப்பதும் பொதுவழக்கு. நீண்ட துணிகளை மடிக்காமல் அமிலமற்ற தாள் சுற்றிய உருளையில் சுருட்டுவர். நொய்ந்த உடைகளைக் கிடத்தி வைப்பர். பூச்சி தாக்கிய துணியை உறையிலிட்டு உறைகுளிரில் வைத்து மருந்தின்றியே பூச்சியை ஒழிப்பர்.

சலவையே இதில் சிக்கலான வினா. அழுக்கு துணியை அரிக்கும். அதே அழுக்கு உடுத்தியதன் சான்றாகவும் இருக்கும். வியர்வைக்கறை, மஞ்சள் படிந்த மடிப்பு, நெய்க்கறை ஆகியவற்றைப் போக்கினால் துணி தூய்மையாகும். உடை மறைந்து துணி மட்டும் எஞ்சும். எனவே தூய்மைப்படுத்துவதற்கு முன் ஒளிப்படமும் எழுத்துக் குறிப்பும் எடுப்பதும், தேவையற்ற தலையீட்டைத் தவிர்ப்பதும் பாதுகாப்பியலின் நெறியாக வளர்ந்துள்ளன.

தொகுப்பில் இல்லாதவர்கள்

அருங்காட்சியகங்களில் மிகுதியாக இடம்பெறுவன விலையுயர்ந்த துணிகளே. உழைக்கும் மக்களின் முரட்டுத் துணி கந்தலாகும்வரை உடுத்தப்பெற்று, பின்னர்க் கந்தலாகவும் பயன்பட்டு அழிந்தது. அவர்தம் உடை வரலாற்றுக்குத் துணியல்லாச் சான்றுகளே வழி. திருவிதாங்கூரின் தென்பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் இதற்கு உரிய சான்றாகும். 1829ஆம் ஆண்டின் அரசாணை குப்பாயம் அணிய இசைந்து, உயர்சாதிப் பெண்களைப்போல் மேலாடை அணிவதை மறுத்தது. 1859ஆம் ஆண்டின் அறிவிப்பு மார்பை மறைக்க இசைவளித்தது. ஆயினும் முரட்டுத் துணியை எவ்வாறு சுற்றிக் கட்டலாம் என்பதைச் சுட்டி, உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்று வரையறை இட்டது.

துணியின் தரம், கட்டும் முறை, உடுத்துவோரின் சாதி ஆகிய மூன்றையும் ஒருங்கே பேசும் உடை ஆவணம் இது. வாட்சனின் தொகுதிகள் வெளிவந்தது இதற்கு 7 ஆண்டுகளுக்குப் பின். தென்னிந்தியாவின் ஒரு பகுதியில் ஒரு முழத் துணியை எங்கே, எப்படி இடுவது என்பதற்காகப் பெண்கள் அடியும் இழிவும் பட்டிருந்த செய்தி, நீளமும் அகலமும் எடையும் விலையும் தரும் மாதிரித் துண்டில் இடம்பெற இயலாது. துண்டின் விவரம் பொய்யன்று, அது போதாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் துணித்தொகுப்பு என்பது நடுநிலையான சேமிப்பு அன்று, தொகுத்தோரின் நோக்கமும் காலத்தின் சட்டமும் நிலத்தின் தட்பவெப்பமும் சேர்ந்து உருவாக்கிய தெரிவு என்பது பெறப்படுகிறது. நிறம் மங்கியதையும் இழை இற்றதையும் செய்முறை அறிவோடு இணைத்தே விளக்க வேண்டும். தொகுப்பில் இல்லாதவர்களின் உடையை அரசாணை, மடல், ஓவியம், ஒளிப்படம் ஆகியவற்றின் துணைகொண்டு மீட்டெடுக்க வேண்டும்.

தமிழகத்தில் இன்று இல்லங்களின் பெட்டிகளில் உள்ள பழஞ்சேலைகளும் வேட்டிகளும் நாளைய தொகுப்புகளாகக்கூடும். அவற்றைப் பெறும் நிறுவனங்கள் நெய்த ஊரோடு உடுத்தியவரின் தொழில், கட்டிய முறை, உடுத்திய வேளை, ஒட்டுப்போட்ட காரணம் ஆகியவற்றையும், அவற்றைச் சொல்லத்தக்கவர் உயிரோடு இருக்கும்போதே, கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். துணியைப் பிற்காலத்தும் ஆராயலாம்; சொல்பவர் மறைந்தபின் அந்நினைவைப் பெற வழியில்லை.