நெற்றி புடைத்த கோபக்காரன்

திருப்பதியிலோ சித்தூரிலோ வண்ணமீன் கடைக்குள் நுழைந்தால், நெற்றி புடைத்த மீன் ஒன்று தனித் தொட்டியில் நின்றபடி நம்மை முறைக்கும். ஃபிளவர்ஹார்ன். வாஸ்து மீன் என்று சொல்லி விற்பார்கள். 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்கச் சிச்லிட்களைக் கலந்து உருவாக்கிய இனம் இது. எந்த ஆறும் இதற்குத் தாய்வீடு இல்லை. நெற்றிப் புடைப்பு மட்டும் பாட்டன் சொத்து. நிகரகுவா ஏரிகளில் வாழும் மைடாஸ் சிச்லிட்டின் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் நெற்றி வீங்கும். அதில் அதிர்ஷ்டம் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிச்லிட் நமக்கு அந்நியக் குடும்பமும் அல்ல. பழவேற்காடு ஏரியில் கிடைக்கும் கரிமீன் இதன் தூரத்து உறவு. இரண்டுமே குஞ்சு காக்கும் சாதி. தாயும் தகப்பனும் கல்லைச் சுத்தம் செய்து முட்டையிட்டு, கிட்டே வருபவரை எல்லாம் விரட்டும். தொட்டிக்குள் அந்தக் காவல் குணம்தான் கோபமாகத் தெரிகிறது. துணைக்கு இன்னொரு மீனை விட்டால் மறுநாள் காலை செதில்தான் மிதக்கும். ஒரு தொட்டிக்கு ஒரு மீன், அவ்வளவுதான்.

கடையில் விரல் நீளம் இருப்பது ஓர் அடி வரை வளரும். அதற்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியாவது வேண்டும். அதில் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே கால் டன் எடை. டீப்பாய் தாங்காது.

பெரிய மீன், பெரிய கழிவு. கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம். பில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும். அவை பெருக ஒரு மாதம்கூட ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். வாளியில் வெள்ளைப் படிவம் விடும் நம் போர் தண்ணீரின் கடினத்தன்மை இந்த மீனுக்கு ஒத்துவரும். ஹீட்டரைவிட ஏர் பம்புதான் இங்கே முக்கியம்: சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் அதிலுள்ள ஆக்சிஜன் குறையும்.

வளர்க்க முடியவில்லை என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். புண்ணியம் என்று நினைத்து சுவர்ணமுகியிலோ ஊர் ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அங்கிருக்கும் நம் கெண்டைக் குஞ்சுகளைத்தான் அது முதலில் தின்னும்.