சீறும் பூனையின் மூளையில்

நாயிடம் அகப்பட்டு மூலையில் ஒடுங்கிய பூனையை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். முதுகு வில்லாக வளைகிறது; மயிர் சிலிர்க்கிறது; காதுகள் தலையோடு படிகின்றன; கண்மணிகள் விரிகின்றன. நாய் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் நகம் பாயும். அதே பூனை எலி பிடிப்பதைப் பாருங்கள். ஓசையில்லை, சிலிர்ப்பில்லை, பதுங்கி நகர்ந்து, கழுத்தில் ஒரே கடி! இரண்டையுமே நாம் 'தாக்குதல்' என்கிறோம். மூளையோ இரண்டுக்கும் வெவ்வேறு பாதைகளை வைத்திருக்கிறது.

இதற்கு வழிகாட்டியவர் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் பணியாற்றிய வால்டர் ஹெஸ். விழித்து நடமாடும் பூனைகளின் மூளைக்குள் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, ஹைப்போதலாமஸ் என்னும் அடிப்பகுதியில் இலேசாக மின்சாரம் செலுத்தினார். சாதுவாக இருந்த பூனை, எதிரே நாய் நிற்பது போலவே சீறியது. மின்சாரம் நின்றதும் அடங்கியது. 1949-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னர், 1962-இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வாஸ்மன், ஃபிளின் இருவரும் இதை மேலும் பிரித்துக் காட்டினர். ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியைத் தூண்டினால் சீற்றம் பிறந்தது. சற்றே பக்கவாட்டில் தூண்டினால், பூனை சத்தமின்றி எலியைத் தேடிப் போயிற்று.

சீற்றத்தின் பாதை எங்கே தொடங்குகிறது? காதுக்கு நேர் உட்புறமாக, மூளையின் இரு பாதிகளிலும் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்னும் உறுப்பு உள்ளது. கண்டதும் கேட்டதும் ஆபத்தானவையா என்று நிறுப்பது இதன் வேலை. ஆபத்து என்றால் செய்தி ஹைப்போதலாமஸின் நடுப்பகுதிக்கும், அங்கிருந்து நடுமூளைக்கும் இறங்குகிறது. நடுமூளையில் திரவம் ஓடும் நுண்கால்வாய் ஒன்று உண்டு. அதைச் சுற்றி உறைபோல் அமைந்த சாம்பல் நிறத் திசுதான் உறைந்து நிற்பதையும், ஓட்டத்தையும், சீறலையும், பாய்ச்சலையும் நடத்தி வைக்கிறது.

பாதையைத் திறப்பதும் மூடுவதும் ரசாயனப் பொருள்கள். குளுட்டமேட் தூண்டுகிறது, காபா தடுக்கிறது. பூனைகளில் 'பொருள் பி' என்னும் சிறு புரதத் துண்டு சீற்றத்தைக் கூட்டுகிறது. அபினை ஒத்த என்கெஃபலின் தணிக்கிறது. 1963-இல் சந்தைக்கு வந்த வேலியம் மாத்திரை அச்சத்தைக் குறைப்பதும் காபாவின் கையை வலுப்படுத்தித்தான். ஆனால் சிலருக்கு அதே மாத்திரை மூர்க்கத்தைக் கிளப்பிவிடுவதும் உண்டு. அடக்கி வைக்கும் செல்களையும் சேர்த்து அது உறங்க வைத்துவிடுகிறது போலும்!

அச்சம் எப்போது தாக்குதலாக மாறுகிறது? அது தூரத்தைப் பொறுத்தது. ஹவாய்த் தீவில் ராபர்ட் பிளாஞ்சார்ட், கரோலின் பிளாஞ்சார்ட் தம்பதியர், மனிதர் நெருங்கும்போது காட்டெலிகள் என்ன செய்கின்றன என்று கவனித்தனர். வழி இருந்தால் ஓடின. வழி அடைபட்டால் அசையாமல் நின்றன. இன்னும் நெருங்கினால் கிறீச்சிட்டுப் பல்லைக் காட்டின. மிக அருகில் வந்த பிறகே பாய்ந்து கடித்தன. கடி என்பது கடைசிப் படி. நாகம் படமெடுப்பதும் இத்தகைய ஒரு படியே அன்றி, வேட்டையின் அறிகுறி அன்று.

மனிதருக்கும் இதே கணக்குத்தான். 2007-இல் வெளியான லண்டன் சோதனை ஒன்றில், கணிப்பொறி விளையாட்டில் ஒரு வேட்டை உருவம் துரத்தியது. பிடிபட்டால் கையில் மின் அதிர்ச்சி. உருவம் தொலைவில் இருந்தபோது முன்மூளை வேலை செய்தது. நெருங்க நெருங்க, வேலை நடுமூளையின் சாம்பல் திசுவுக்குக் கைமாறியது.

இவையெல்லாம் தெளிவாகுமுன்பே கத்தி உள்ளே புகுந்துவிட்டது. 1937-இல் சிகாகோவில் குளூவர், பியூசி இருவரும் அமிக்டலா அடங்கிய மூளைப் பகுதியை நீக்கிய குரங்குகள் அச்சமும் சினமும் இழந்ததைக் கண்டனர். 1963-இல் டோக்கியோவின் நாராபயாஷி, மூர்க்கமான நோயாளிகளின் அமிக்டலாவை அழித்த அறுவைகளைப் பற்றி எழுதினார். சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தியின் குழுவினர் இத்தகைய அறுவைகளை 600-க்கும் மேல் செய்ததாக 1988-இல் வெளியான அவருடைய கட்டுரை கூறுகிறது. வேறு சிகிச்சை பலிக்காதவர்கள் அவர்கள். அக்குடும்பங்கள் பட்ட துயரம் சிறிதன்று. எனினும் அந்த ஊசிமுனை, அச்சத்தால் அடிப்பவரையும் வேறு காரணத்தால் அடிப்பவரையும் பிரித்தறியாது. 'மூர்க்கம்' என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கியதே பெருங்குறை என்பது என் எண்ணம்.

அமிக்டலா போனால் அச்சமே போய்விடுமா? அரிய நோயால் இரு அமிக்டலாக்களும் அழிந்துபோன மூவர் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு சோதனைக்கு இசைந்தனர். அவர்களுள் ஒரு பெண் பாம்பைக் கண்டும் அஞ்சாதவர். கரியமில வாயு 35 சதவீதம் கலந்த காற்றை ஒருமுறை உள்ளிழுத்ததும் மூவருமே பீதியில் துடித்தனர் என்கிறது 2013-இல் வெளியான அறிக்கை. பாம்பும் புலியும் தரும் அச்சம் அமிக்டலா வழியாக வருகிறது. மூச்சு முட்டும் அச்சத்துக்கு அந்த வாசல் தேவைப்படவில்லை.